இரண்டரை ஒச்சம்மாள்

மூணுபனை என்கிற ஊரில் பனைமரம் நாலு நின்றது. ஊர்ப் பெயர் பொய்யாகிவிடக் கூடாதே என்று நாலாவது பனையை எல்லோரும் தென்னை என்று சொல்லிவந்தார்கள். வெளியூர்க்காரர் யாராவது, "அதுவும் பனைதானே?" என்று கேட்டால், "இளநி இன்னும் வைக்கலை, அதான் அப்படித் தெரியுது" என்று பதில் வரும். கணக்கின் மேல் மூணுபனைக்காரர்களுக்கு அவ்வளவு மரியாதை.

அந்த ஊரில் நலிந்தோர் கஞ்சிச் சங்கம் என்று ஒன்று இருந்தது. தலைவர் மொக்கச்சாமி. அவருக்குத்தான் ஊரில் பெரிய மீசை. தலைவர் ஆனதற்கு வேறு காரணம் யாருக்கும் தெரியாது. அவருடைய மைத்துனன் சங்கிலி, சங்கத்துக்காக யோசிக்கிறவன். யோசிக்கும்போது கண்ணை இறுக்க மூடிக்கொள்வான். திறந்திருந்தால் யோசனை வெளியே போய்விடும் என்று அவனுக்குப் பயம். சுமை தூக்கக் காடன். கஞ்சி காய்ச்சப் பேச்சி. "உப்பைப் பார்த்துப் போடு" என்று மொக்கச்சாமி ஒருநாள் சொல்லிவிட்டார். அதிலிருந்து பேச்சி உப்பை உள்ளங்கையில் வைத்து, கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் பானையில் போடுவாள். எவ்வளவு போடுகிறாள் என்பது வேறு விஷயம்.

சங்கத்தில் கஞ்சி குடிக்க வருகிற நலிந்தோர் ஒன்பது பேர். அவர்களில் ஒச்சம்மாள் முக்கியமானவள். செங்கல் சூளையில் காலமெல்லாம் தலைச்சுமை தூக்கியவள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. எலும்பும் வாயும்தான் மிச்சம். அந்த வாயில் பொய் மட்டும் வராது. எதிரில் நிற்கிறவர் யாராக இருந்தாலும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவாள். அடுத்தவர் வெயிலான். பனையேறியாக இருந்து, நாலாவது பனையிலிருந்து விழுந்து இடது கால் விளங்காமல் போனவர். தென்னையிலிருந்து விழுந்ததாகத்தான் ஊரில் பேச்சு.

டவுனில் அரிசி ஆலை வைத்திருக்கும் நவநீதன் மாதம் இரண்டு மூட்டை அரிசி அனுப்புவார். அந்த இரண்டு மூட்டை வந்துகொண்டிருக்கும்வரை ஒன்பது பேரும் ஊரில் இருப்பார்கள். வராவிட்டால் இருக்கமாட்டார்கள். இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

ஒரு தை மாதம் நவநீதன் காரில் வந்து இறங்கினார். நல்ல பருமன். அவர் இறங்கியதும் கார் ஒரு சாண் உயர்ந்தது. தர்மம் செய்கிறவர்களுக்கென்று பட்டணத்தில் ஒரு கூட்டம் நடந்து, அதற்குப் போய்விட்டு வந்திருந்தார். அங்கே சாப்பாடு நன்றாக இருந்ததாம். சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணாடி போட்ட ஒருவர் எழுந்து, கண் பொய் சொல்லும், மனசு பொய் சொல்லும், எண் ஒன்றுதான் பொய் சொல்லாது என்று பேசினாராம். நவநீதனுக்கு அது ஆழமாக இறங்கிவிட்டது.

"ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க" என்று ஆரம்பித்தார்.

காடன் கஞ்சிப் பானையைத் தூக்கித் தோளில் வைத்தான்.

"எங்கடா போற?" என்றாள் ஒச்சம்மாள்.

"ஆத்துக்கு ஆத்தா."

"எறக்கி வையிடா. ஆத்துல தண்ணி வந்து எத்தனையோ வருசமாச்சு. மகராசனுக்கு அது தெரியாது."

நவநீதன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் சொல்றது என்னன்னா, இந்தக் கஞ்சியால இவங்களுக்கு எவ்வளவு பலன்னு அளந்து காட்டணும். குடிக்கிறதுக்கு முன்னால எவ்வளவு, குடிச்சதுக்கு அப்புறம் எவ்வளவு. சித்திரையில வருவேன். பலன் தெரிஞ்சா மூட்டை வரும். தெரியலேன்னா வராது."

"சரிங்க" என்றார் மொக்கச்சாமி.

"இன்னொண்ணும் இருக்கு. எல்லா வகையிலயும் ஒரே மாதிரி ரெண்டு பேரா எடுத்துக்கணும். ஒருத்தருக்குக் கஞ்சி குடுத்து, இன்னொருத்தருக்குக் குடுக்காம, ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கணும். அப்பத்தான் பலன் கஞ்சியால வந்ததா, தானா வந்ததான்னு புரியும்."

"குடுக்காத ஆளு யாரு மகராசா, நீங்களா?" என்று ஒச்சம்மாள் கேட்டாள்.

நவநீதன் சிரித்தார். "நான் முறையச் சொல்றேன் ஆத்தா." பிறகு மொக்கச்சாமியைப் பார்த்து, "நான் இருக்கும்போதே ஆரம்பிச்சுருங்க" என்று சொல்லிவிட்டுக் காருக்குள் போய்க் கண்ணை மூடினார்.

அளக்க வேண்டுமென்றால் தராசு வேண்டும். காடன் புளிக்கடைக்கு ஓடினான். மூட்டை நிறுக்கிற பெரிய தராசைக் கடைக்காரர் கொடுத்தார். எடைக்கல்லைக் கொடுக்க மறுத்துவிட்டார். "கல்லு தேஞ்சுபோகும்" என்று அவர் சொன்னதைக் காடன் வந்து அப்படியே ஒப்பித்தான்.

தராசைப் புளியமரத்துக் கிளையில் கட்டினார்கள். இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு, நடுவில் முள். எல்லாம் சரி. எதை வைத்து நிறுப்பது?

"கெடக்கிற கல்லு ஒண்ண எடுத்து வச்சா என்னண்ணே?" என்றான் காடன்.

"அந்தக் கல்லு எவ்வளவுன்னு அதுக்கே தெரியாது" என்றார் மொக்கச்சாமி.

சங்கிலி கண்ணை மூடினான். எல்லோரும் காத்திருந்தார்கள். "மாமா, எடைக்கல்லுக்கு எது முக்கியம்?"

"கனம்."

"கனம் எருமைக்குக்கூட இருக்கு. எடைக்கல்லு பொய் சொல்லக் கூடாது. அதுதான் முக்கியம். நம்ம ஊருல பொய் சொல்லாதது யாரு?"

எல்லோரும் ஒச்சம்மாளைப் பார்த்தார்கள்.

"என்னடா அப்படிப் பாக்குறீங்க, பேய் மாதிரி?" என்றாள் அவள்.

காடன் அவளைத் தூக்கிக் கொண்டுபோய்த் தட்டில் வைத்தான். தூக்கியது தெரியவில்லை, அவ்வளவு லேசு. இப்படித்தான் மூணுபனையில் ஒச்சம்மாள் எடைக்கல் ஆனாள்.

ஒரு கல்லை வைத்து எல்லோரையும் நிறுக்க முடியாதே. சங்கத்துக்கு ஒரு கட்டடம் கட்டச் செங்கல் வாங்கிக் குவித்திருந்தார்கள். முதலில் கூரையைப் போடுவதா சுவரை எழுப்புவதா என்று முடிவாகாததால் செங்கல் அப்படியே கிடந்தது. எதிர்த் தட்டில் செங்கல்லாக அடுக்கிப் பார்த்தார்கள். பன்னிரண்டு செங்கல்லுக்கு முள் நேராக நின்றது. ஆகவே பன்னிரண்டு செங்கல் ஒரு ஒச்சம்மாள், ஆறு செங்கல் அரை ஒச்சம்மாள், மூன்று செங்கல் கால் ஒச்சம்மாள். அந்தப் பன்னிரண்டிலும் பேச்சி சுண்ணாம்பால் பொட்டு வைத்தாள்.

"செங்கல்லை ரொம்ப நம்பாதீங்க" என்று சங்கிலி எச்சரித்தான். "மண்ணுல பிறந்தது. ஒவ்வொரு தடவையும் ஒச்சாத்தாவோட வச்சுச் சரி பாத்துட்டுத்தான் நிறுக்கணும்."

வெயிலான் ஒன்றேகால் ஒச்சம்மாள் இருந்தார். மற்ற நலிந்தோர் ஏழு பேரும் முக்காலிலிருந்து ஒன்றுக்குள் அடங்கிவிட்டார்கள். சங்கத் தலைவருடைய எடை தெரியாமல் இருப்பது மரியாதை இல்லை என்று மொக்கச்சாமியும் ஏறினார். சரியாக இரண்டு.

"நலிஞ்சவங்க எவ்வளவுன்னு பாத்தாச்சு" என்றான் சங்கிலி. "நலிஞ்சது எந்த அளவுக்குன்னு தெரியணும்னா, நலமா இருக்கிறவரு எவ்வளவுன்னு தெரியணும்ல?"

நவநீதனை எழுப்பித் தட்டில் உட்கார வைத்தார்கள். புளியமரம் ஒருமுறை முனகியது. எதிர்த் தட்டில் ஒச்சம்மாள், அவளோடு பன்னிரண்டு செங்கல், அதற்கு மேல் ஆறு செங்கல்.

"ஐயா ரெண்டரை ஒச்சம்மாள்" என்று மொக்கச்சாமி அறிவித்தார்.

ஒச்சம்மாள் என்றால் என்ன அளவு என்று நவநீதன் கேட்கவில்லை. எண் வந்துவிட்டது, அது போதும் அவருக்கு. "ரெண்டரை" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு திருப்தியாகக் காரில் ஏறினார்.

மறுநாளே சங்கத்தார் வேலையைத் தொடங்கினார்கள். குடிக்கிறதுக்கு முன்னால் எவ்வளவு, குடித்ததற்கு அப்புறம் எவ்வளவு என்றுதானே சொல்லியிருக்கிறார்? முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் வெயிலான் எழுந்து போய் வந்தால் கணக்கு சிந்திவிடும் என்று, கஞ்சிச் சட்டியை அவர் மடியிலேயே வைத்துத் தட்டில் ஏற்றினார்கள். எதிர்த் தட்டில் ஒச்சம்மாள், செங்கல், முள் நேராக நிற்கும்வரை சில்லறைக் கற்கள்.

"குடிங்கப்பா" என்றார் மொக்கச்சாமி.

வெயிலான் சட்டி நிறைய இருந்த கஞ்சியை மடமடவென்று குடித்தார். நான்கு பேரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முள் அசையவில்லை.

"குடிச்சீங்களா?"

"குடிச்சேன்."

"முழுசா?"

"சட்டியக் கவுத்திக் காட்டவா?"

கவிழ்த்துக் காட்டினார். ஒரு பருக்கை இல்லை. முள் நட்டுவைத்ததுபோல நின்றது. பேச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. விடியலில் எழுந்து காய்ச்சிய கஞ்சி.

"உள்ள போயிருக்கு. பலன் இல்லை" என்று சங்கிலி முடிவு சொன்னான்.

"அட, வெறுஞ்சட்டிய எறக்கிவிட்டுப் பாருங்கடா. அத எதுக்குச் சுமந்துக்கிட்டு உக்காந்திருக்கான்?" என்று எதிர்த் தட்டிலிருந்து ஒச்சம்மாள் கத்தினாள்.

சட்டியை இறக்கினார்கள். வெயிலான் இருந்த தட்டு மேலே போனது.

குடிப்பதற்கு முன்பு இருந்ததைவிடக் குடித்த பிறகு வெயிலான் எடை குறைந்துவிட்டார். நான்கு பேர் கண்ணால் பார்த்தது. ஒருவர் பார்த்திருந்தால் தப்பு என்று சொல்லலாம்.

"மாமா" என்றான் சங்கிலி. "இத்தனை வருசமா நாம இவங்களைக் கரைச்சிருக்கோம்."

"கஞ்சியா கரைக்குது?"

"ஒரு வேளைக்கு ஒரு சட்டி எடை போகுது. இவங்க இவ்வளவு மெலிஞ்சு கெடக்கிறது எதனாலேன்னு இப்பத்தான புரியுது."

மொக்கச்சாமி மீசையைத் தடவிக்கொண்டார். அவர் நேர்மையானவர். கெடுதல் என்று தெரிந்த பிறகு ஒரு பொருளை ஏழைகளுக்குக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. "பேச்சி, நாளையிலேருந்து அடுப்பு மூட்ட வேண்டாம்" என்றார்.

நலிந்தோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலாளி மூட்டையை நிறுத்த இன்னும் மூன்று மாதம் இருந்தது. சங்கத்தார் அதுவரை காத்திருக்கவில்லை.

ஒச்சம்மாள் தட்டைவிட்டு இறங்கவில்லை. சம்மணம் போட்டு நன்றாக உட்கார்ந்துகொண்டாள்.

"நிறுத்துங்கடா, நல்லா நிறுத்துங்க. எனக்கென்ன? ஆனா கஞ்சி இல்லேன்னா நான் தேஞ்சுபோவேன். புளிக்கடைக்காரன் கல்லு தேயுதுன்னு எம்புட்டுப் பயந்தான்? தேஞ்ச கல்ல வச்சுக்கிட்டு சித்திரையில மொதலாளிக்கு என்னத்தடா நிறுத்துக் காட்டுவீங்க?"

இது யாருக்கும் தோன்றவில்லை. சங்கிலி கண்ணை மூடி, உடனே திறந்தான். யோசிக்க ஒன்றுமில்லை, அவ்வளவு நியாயம்.

"சரி ஆத்தா, கல்லுக்கு மட்டும் கஞ்சி."

"கல்லு தனியாக் குடிக்காது. எட்டுப் பேரும் பக்கத்துல உக்காந்து குடிச்சாத்தான் எனக்குத் தொண்டையில எறங்கும்."

"அவங்களுக்குக் கெடுதலாச்சே?"

"அவங்ககிட்டக் கேளு."

கேட்டார்கள். எட்டுப் பேரும் அந்தக் கெடுதலைத் தாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள்.

"அப்புறம் முட்டை" என்றாள் ஒச்சம்மாள்.

"முட்டை எதுக்கு ஆத்தா?"

"பசிச்ச கல்லு பொய் சொல்லும். எனக்கு இந்த வயசுல பொய் சொல்ல ஆசையில்லை."

மொக்கச்சாமி வீட்டில் கோழி நிறைய இருந்தது. மறுநாளிலிருந்து கல்லுக்கு ஒரு முட்டை, கல்லோடு உட்காருகிறவர்களுக்கு ஒவ்வொன்று. எடைக்கல்லில் அழுக்குச் சேரக் கூடாது என்று காடன் காலையும் மாலையும் ஈரத் துணியால் அவள் கையையும் காலையும் துடைத்துவிட்டான். எடைக்கல்லை வெயிலில் போடக் கூடாது என்று அவளுக்குக் கட்டில் போட்டு நிழலில் வைத்தார்கள். நிழல் நகர்ந்தால் கட்டிலோடு தூக்கி நகர்த்தினார்கள். சூளையில் ஒரு நாளைக்கு ஆயிரம் செங்கல் சுமந்த பொம்பளை, இதற்கெல்லாம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

மாசி மாதம் நவநீதனுடைய இரண்டாவது பேச்சை எடுத்தார்கள். எல்லா வகையிலும் ஒரே மாதிரி இருக்கிற இரண்டு பேர் வேண்டும்.

"மேலத் தெருவுல இரட்டைப் பிள்ளைக இருக்கே" என்றாள் பேச்சி.

"ஒண்ணுக்கு மூக்குல மச்சம்" என்றார் மொக்கச்சாமி. "நாளைக்கு மொதலாளி கேட்டா பலன் மச்சத்தால வந்ததா கஞ்சியால வந்ததான்னு என்ன பதில் சொல்றது?"

"மூணு பனையும் ஒரே மாதிரித்தான் இருக்கு" என்றான் காடன்.

"பனை எப்படிடா கஞ்சி குடிக்கும்?"

"தென்னை குடிக்குமாண்ணே?"

ஊரெல்லாம் தேடினார்கள். ஒருவர் மாதிரி ஒருவர் இல்லை. கடைசியில் சங்கிலிக்குத்தான் பிடிபட்டது. கண்ணைத் திறக்காமலேயே வெயிலானைக் கையால் தடவிக்காட்டினான்.

"இந்தா பாருங்க, வலது கை, இடது கை. வலது கன்னம், இடது கன்னம். ஒரே வயசு, ஒரே ஊரு, ஒரே அப்பன் ஆத்தா. இதைவிட ஒத்துமையா ரெண்டு எங்க கெடைக்கும்? வலப் பக்கத்துக்குக் கஞ்சி குடுப்போம். இடப் பக்கத்துக்குக் குடுக்க வேண்டாம்."

"இடது காலு வெளங்காதே?" என்றார் மொக்கச்சாமி.

"இடுப்புக்கு மேல மட்டும் எடுத்துக்குவோம்."

அன்றிலிருந்து வெயிலான் தலையை வலது பக்கம் சாய்த்து, வலது கடைவாய் வழியாகத்தான் கஞ்சி குடிக்க வேண்டும் என்று ஆனது. ஒரு சொட்டு அந்தப் பக்கம் போய்விடக் கூடாது என்று பேச்சி அவருடைய இடது கன்னத்தை அமுக்கிப் பிடித்துக்கொள்வாள். முட்டையையும் வலப் பக்கமே மென்றார். வெயிலானுக்கு இதில் ஒரு குறையும் இல்லை. எந்தக் கடைவாய் வழியாகப் போனாலும் அவருக்குப் பசி ஆறிவிட்டது.

பங்குனி பிறந்ததும் கயிற்றால் இரண்டு புஜத்தையும் அளந்தார்கள். வலது புஜம் தடித்திருந்தது. மொக்கச்சாமி மகிழ்ச்சியில் சிரித்தே விட்டார். பிறகு இடது புஜத்தை அளந்தார்கள். அதுவும் அதே அளவு தடித்திருந்தது.

"ஒரு வாய் குடிக்கலையே இந்தப் பக்கம்!" என்றாள் பேச்சி.

"குடிச்ச கையும் அதே அளவு, குடிக்காத கையும் அதே அளவு" என்றான் சங்கிலி. "அப்ப கஞ்சியால ஒண்ணுமில்லை. தானா வந்திருக்கு."

"இடது கை ராத்திரியில திருடியிருக்குமோண்ணே?" என்று காடன் கேட்டான்.

மொக்கச்சாமி இடது கையை முறைத்துப் பார்த்தார். "அதைத் தனியா வச்சுக் காவல் காக்கணும்."

"ஆமா, வெட்டி உன் வீட்டுக்குக் கொண்டுபோய் அடைகாத்துக்கோ" என்றாள் ஒச்சம்மாள் கட்டிலில் இருந்தபடியே. வெயிலான் இடது கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். நல்லவேளை, காவல் காக்க ஆள் கிடைக்கவில்லை.

சித்திரை வந்தது. நவநீதனும் வந்தார்.

புளியமரத்தடியில் ஒன்பது பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒச்சம்மாளுக்குக் கன்னம் உப்பியிருந்தது. கையில் கண்ணாடி வளையல் போட்டிருந்தாள்; முன்பெல்லாம் வளையல் நிற்காது. வெயிலான் கம்பை ஊன்றாமல் நாலு எட்டு நடந்து வந்து கும்பிட்டார், இரண்டு கையாலும்.

"பாக்கிறதுக்கு நல்லாத்தான் இருக்காங்க" என்றார் நவநீதன். "ஆனா கண்ணு பொய் சொல்லும். எண்ணு என்ன?"

மொக்கச்சாமி தலை குனிந்தார். "ஒச்சாத்தா தையில ஒரு ஒச்சம்மாள் இருந்துச்சுங்க."

"இப்ப?"

"ஒரு ஒச்சம்மாள்."

"ஏறவே இல்லையா?"

"குந்துமணிகூட ஏறலைங்க. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கரெக்டா ஒண்ணு."

செங்கல் வைக்காமல் ஒச்சம்மாளை மட்டும் எதிரே உட்காரவைத்து வெயிலானை ஏற்றினார்கள். தையில் எவ்வளவு சாய்ந்ததோ அவ்வளவே முள் சாய்ந்தது. அன்றும் ஒன்றேகால், இன்றும் ஒன்றேகால். மற்ற ஏழு பேரும் அப்படியே. முட்டையும் கஞ்சியும் எல்லோருக்கும் ஒரே மாதிரி போயிருந்ததால் யாரும் யாரையும் முந்தவில்லை. வலக் கை, இடக் கை விஷயத்தையும் மொக்கச்சாமி மறைக்காமல் சொன்னார்.

நவநீதன் பெருமூச்சு விட்டார். கெட்ட மனிதர் இல்லை, அவருக்கும் வருத்தம்தான். "நான் என்ன பண்ண முடியும்? எண்ணு சொல்லுது. இனிமே மூட்டை வராது" என்று சொல்லிக் கார் சாவியை எடுத்தார்.

பேச்சி பானையைக் கவிழ்த்து வைத்தாள். வெயிலான் கம்பைத் தேடி எடுத்தார். இனி ஊன்ற வேண்டியிருக்கும். ஒச்சம்மாள் வளையலை மெல்லச் சுழற்றிக்கொண்டு கவிழ்ந்த பானையைப் பார்த்தாள். அவளுக்குப் பேச்சு வராமல் போனது அந்த ஒரு தடவைதான்.

அப்போது காடன் வழியை மறித்துக்கொண்டு நின்றான். வேண்டுமென்று மறிக்கவில்லை. அவனுக்கு ஒரு வேலையைப் பாதியில் விடத் தெரியாது.

"தையில நிறுத்ததையெல்லாம் சித்திரையிலயும் நிறுக்கணும்னு சொன்னீங்க. மொதலாளி பாக்கி."

"நான் எதுக்குடா?"

"முறைங்க" என்றான் காடன்.

முறை என்ற பிறகு நவநீதன் மறுக்கவில்லை. போய்த் தட்டில் உட்கார்ந்தார். நிறுக்கும் முன்பு செங்கல்லைச் சரிபார்க்க வேண்டுமே. அவரை ஒரு நிமிடம் இறங்கச் சொல்லிவிட்டு ஒரு தட்டில் ஒச்சம்மாளையும் எதிர்த் தட்டில் சுண்ணாம்புப் பொட்டு வைத்த பன்னிரண்டு செங்கல்லையும் வைத்தார்கள்.

ஒச்சம்மாள் கீழே, செங்கல் மேலே.

ஒன்று சேர்த்தார்கள். இரண்டு சேர்த்தார்கள். பதினைந்தாவது செங்கல்லுக்குத்தான் முள் நேரானது.

"ஐயையோ" என்றாள் பேச்சி. "செங்கல்லு மெலிஞ்சுபோச்சு!"

"அதே செங்கல்தானா?" என்றார் மொக்கச்சாமி.

"என் கையால வச்ச பொட்டு அண்ணே. தையில பன்னெண்டே போதும். இப்ப பதினஞ்சு வேண்டியிருக்கு. வெயில்ல கெடந்து, ஒரு வாய் கஞ்சியில்லாம..." அவள் ஒரு செங்கல்லை எடுத்து மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தாள்.

நவநீதனை மறுபடி ஏற்றினார்கள். எதிரே ஒச்சம்மாள், அவளோடு பதினைந்து செங்கல். முள் நின்றது. அரை ஒச்சம்மாளை மேலே வைக்கக் காடன் செங்கல்லோடு காத்திருந்தான். தேவைப்படவில்லை.

"ரெண்டு" என்றார் மொக்கச்சாமி, மெதுவாக.

"என்ன ரெண்டு? நான் ரெண்டரை" என்றார் நவநீதன்.

"தையில ரெண்டரைங்க. இப்ப ரெண்டு."

மொக்கச்சாமி தாமும் ஏறிப் பார்த்தார். இரண்டாக இருந்தவர் ஒன்றரையும் கொஞ்சமுமாக வந்து நின்றார். அவருடைய மீசை தொங்கிவிட்டது.

சங்கிலி கண்ணை இறுக்க மூடி விரல் மடக்கினான். "ஐயா, மூணு மாசத்துல அரை போயிருக்கு. இன்னும் ரெண்டு இருக்கு. இப்படியே போனா அடுத்த சித்திரைக்கு நீங்க இருக்கமாட்டீங்க."

"செத்துருவேன்னா சொல்ற?"

"அது எனக்குத் தெரியாதுங்க. எடை இருக்காது."

நவநீதன் இடுப்பு வேட்டியை இழுத்துப் பார்த்தார். தளர்ந்திருந்த மாதிரிதான் இருந்தது. கொஞ்ச நாளாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது அவர் ஞாபகத்துக்கு வந்தது. எண் பொய் சொல்லாது.

சங்கிலி முதன்முறையாகக் கண் திறந்திருக்கும்போதே யோசித்தான். "மாமா! செங்கல்லு மெலிஞ்சிருக்கு. மொதலாளி மெலிஞ்சிருக்காரு. நீங்க மெலிஞ்சிருக்கீங்க. ஊரே மெலியுது. மெலியாம அப்படியே நிக்கிறது யாரு? கஞ்சி குடிச்ச ஒம்பது பேரு!"

எல்லோரும் ஒன்பது பேரையும் பார்த்தார்கள். ஒன்பது பேரும் குற்றம் செய்தவர்கள்போல நெளிந்தார்கள்.

ஒச்சம்மாளுக்குப் பேச்சு திரும்பி வந்துவிட்டது. "மூட்டைய நிறுத்தணும்னா நிறுத்திக்கோங்க மகராசா. நாங்க இருந்தபடியேதான் இருக்கோம், எண்ணு சொல்லுது. உங்களை நெனச்சாத்தான் பாவமா இருக்கு. பொண்டாட்டி பிள்ளைக்குச் சொல்லியாச்சா?"

நவநீதன் தட்டிலிருந்து இறங்கவில்லை. இறங்கினால் இன்னும் குறைந்துவிடுமோ என்று பயந்தாரோ என்னவோ. அங்கிருந்தபடியே கேட்டார்: "பேச்சி, கஞ்சி மிச்சம் இருக்கா?"

அதற்குப் பிறகு மூணுபனைக்கு மாதம் ஐந்து மூட்டை வருகிறது. நவநீதன் தினமும் மத்தியானம் காரில் வந்து இறங்கி, ஒச்சம்மாளுக்குப் பக்கத்தில் இலை போட்டுக் கஞ்சி குடிக்கிறார். அவர் ஏறுகிற அளவுக்கு ஒச்சம்மாளும் ஏறுகிறாள். ஆகவே இரண்டிலேயே நிற்கிறார். நின்றாலே போதும் என்று சங்கிலி ஆறுதல் சொல்லியிருக்கிறான்.

சங்கக் கட்டடம் இன்னும் எழும்பவில்லை. நிறுக்கிற செங்கல் எல்லாம் இப்போது பந்தியில் இருக்கிறது. நவநீதனுக்கு அடுத்து பதினைந்து செங்கல்லும் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றின் முன்னாலும் பேச்சி ஒரு இலை போட்டு, உப்பைப் பார்த்துப் போட்டு, கஞ்சி ஊற்றுவாள்.

ஒருநாள் நவநீதனுக்குப் பசி அடங்கவில்லை. பக்கத்து இலையைப் பார்த்தார். கஞ்சி ஊற்றியது ஊற்றியபடி இருந்தது.

"பேச்சி, இது தொடவே இல்லையே. நான் எடுத்துக்கட்டுமா?"

பேச்சி பதறிப்போய் இலையைக் கையால் மறைத்தாள்.

"வேணாங்க மொதலாளி. அது உங்களைவிட நலிஞ்சது."